பழைய கார் ஏ.சி.: பைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

சித்திரை பிறந்தால் போதும், கார் ஏ.சி. கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். இறங்கி வருகிறவர்களில் பலரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கேஸ் கம்மியா இருக்கு போல. கொஞ்சம் அடிச்சு விடுங்க." கடையிலும் அடித்து விடுகிறார்கள். பத்து நாள் குளிர்ச்சி. பிறகு அதே வண்டி, அதே வாசல், அதே பேச்சு.

கார் ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஒரே கோடையில் இரண்டு முறை குறைந்தால் அது இயல்பு இல்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, எந்த லைன், எந்த உலோகம், அடைக்கலாமா மாற்ற வேண்டுமா என்று முடிவெடுத்து, மறுபடி கசியாமல் முடித்துத் தருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். கேஸ் அடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். லைன் பார்க்கக் கற்பதற்கு ஓரிரு வருடமாவது ஆகும். சம்பளத்திலும் மரியாதையிலும் இருக்கும் இடைவெளி அங்கிருந்து வருவதுதான்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பவர்கள், பொது மெக்கானிக்காக இருந்துகொண்டு ஒரு தனித் திறமை வேண்டும் என்று நினைப்பவர்கள், ஏற்கெனவே ஏ.சி. கடையில் உதவியாளாக நிற்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

ஏன் பழைய கார்?

புது வண்டிக்கு வாரண்டி இருக்கிறது. அது கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி வெளியே வராது. உங்களைத் தேடி வருவது பத்து, பதினைந்து வயதான வண்டி. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே வருடம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. ஆனாலும் அந்தக் காலத்து வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சான்று வாங்கி, பதிவை ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். எஞ்சின் நன்றாக இருக்கும். இழுவை இருக்கும். ஏ.சி. பைப் மட்டும் அரித்துப்போயிருக்கும்.

அந்த மாடலுக்குப் புது பைப் கேட்டால் பல நேரம் இருப்பு இல்லை என்பார்கள். சென்னைக்காரர்கள் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு ஓடுவார்கள். கழற்றிய பைப் கிடைக்கும்தான். ஆனால் அதுவும் அதே வயதுப் பைப், அதே மாதிரி வண்டியில் அதே கிளாம்பில் உரசிக் கிடந்தது. வாங்கும் முன் கிளாம்ப் பிடித்த இடத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த நிலையில்தான் இருக்கிற பைப்பையே சரிசெய்து தரத் தெரிந்தவருக்கு வேலை வருகிறது.

மூன்று லைன்

படமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கை சொல்லிக்கொடுக்கும். கம்ப்ரசரிலிருந்து முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போவது டிஸ்சார்ஜ் லைன், ஏ.சி. ஓடும்போது தொட்டால் கை பொத்துவிடும், தொடாதீர்கள். கண்டென்சரிலிருந்து டிரையர் வழியாக எக்ஸ்பேன்ஷன் வால்வுக்குப் போகும் மெல்லிய பைப் லிக்விட் லைன், வெதுவெதுப்பாக இருக்கும். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த பைப் சக்‌ஷன் லைன், சில்லென்று வியர்த்திருக்கும். ஹோஸ் கடையில் போய் ஆறாம் நம்பர், எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் என்று கேட்பது இந்த மூன்றின் அளவைத்தான். பெரும்பாலான கார்களில் லிக்விடுக்கு ஆறு, டிஸ்சார்ஜுக்கு எட்டு, சக்‌ஷனுக்குப் பத்து.

அழுத்தத்தையும் மனதில் வையுங்கள். ஆர்-134ஏ கேஸ் ஓடும் வண்டியில், 35 டிகிரி வெயிலில், சக்‌ஷன் பக்கம் 30 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை காட்டும். டிஸ்சார்ஜ் பக்கம் 200-ஐத் தாண்டி 250-க்கு மேலும் போகும். ஒரு பக்கத்தில் நிற்கிற ஒட்டு இன்னொரு பக்கத்தில் நிற்காமல் போவது இதனால்தான்.

லைன் எங்கே கெட்டுப்போகும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் இருக்கும் ரப்பர் புஷ் உலர்ந்து உதிர்ந்த பிறகு, இரும்பு அலுமினியத்தை அறுக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் இரும்பு தொடும் இடத்தில் அலுமினியம் வெளுத்துப் பொடியாகிவிடும். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பைப்பை ஆசிட் புகை தின்றுவிடும். ரப்பரும் அலுமினியமும் சேரும் கிரிம்ப் வளையத்தில் எஞ்சின் ஆட்டத்தால் கசிவு வரும். ஒதுக்குப்புறமாக நிற்கும் வண்டியில் எலி ஹோஸைக் கடித்துவைக்கும். இன்னொரு வகை சேதம் நம் ஆட்களே செய்வது: கண்டென்சர் ஜாயின்ட்டை ஒரே ஸ்பேனர் போட்டுத் திருகும்போது நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொள்ளும். அலுமினிய ஜாயின்ட்டுக்கு எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. முதல் நாளே கையில் படிய வேண்டிய பழக்கம் இது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் தொழில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

கேஸ் தனியாக வெளியே வராது. கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆயிலில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். கருவியை எடுக்கும் முன் டார்ச் லைட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மூன்று லைனையும் முழுக்கப் பாருங்கள், பைப்பின் அடிப்பக்கம் உட்பட. எஞ்சின் ஆயில் தெறித்த கறைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: இது ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் பரவியிருக்கும்.

அடுத்து, எஞ்சினை ஓட்டாமல் கேஜ் மாட்டுங்கள். வண்டி ஆறியிருந்து வெளியே 30 டிகிரி என்றால், உள்ளே கொஞ்சமாவது திரவக் கேஸ் இருக்கும்வரை இரண்டு முள்ளும் 95 பி.எஸ்.ஐ. ஒட்டி நிற்கும். பல பேர் இதைப் பார்த்து கேஸ் நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. திரவம் இருக்கிறது என்றுதான் அந்த முள் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்லாது. 100 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே அளவுதான். முள் அதைவிடக் கீழே கிடந்தால் உள்ளே வெறும் ஆவிதான் மிச்சம் என்று அர்த்தம்.

கேஸ் கொஞ்சம் இருந்தால் எலக்ட்ரானிக் டிடெக்டர் வேலை செய்யும். ஆர்-134ஏ காற்றைவிடக் கனமானது. அதனால் டிடெக்டரின் மூக்கைப் பைப்புக்கு அடியில் மெதுவாக நகர்த்துங்கள். மேலே பிடித்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்று சொன்னால் பாதி ஓட்டைகளைத் தவறவிடுவீர்கள். காற்று வீசும் இடத்தில், ஓடும் ஃபேனுக்கு எதிரில் இந்தச் சோதனையே வேண்டாம். மெதுவாகக் கசியும் வண்டிக்கு யு.வி. டை போட்டு அனுப்பி, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி நீல விளக்கில் பார்க்கலாம். பழைய கடைகளில் சுடரின் நிறம் மாறுவதை வைத்துக் கசிவு பார்க்கும் ஹாலைடு விளக்கு இன்னும் இருக்கும். அது குளோரின் இருக்கும் பழைய கேஸான ஆர்-12-க்கு ஆனது. ஆர்-134ஏ-வில் குளோரினே கிடையாது. அந்த விளக்கு எதையும் காட்டாது.

உள்ளே ஒன்றுமே இல்லை என்றால் நைட்ரஜன். ரெகுலேட்டர் வைத்து 150 பி.எஸ்.ஐ. ஏற்றி, சோப்பு நீரைக் குழைத்துப் பிரஷால் தடவுங்கள். கிரிம்ப் வளையத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கடுகு அளவு நுரை மெல்லக் குவியும். அந்தப் பொறுமை இருப்பவர்தான் இந்த வேலைக்கு ஆள். ஒன்றும் கிடைக்கவில்லையா, வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால், மிச்சம் சந்தேகம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் மேல்தான்.

இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் ஆயிலைத் தொட்டால் வெடிக்கும். டயருக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரசரையும் மாட்டாதீர்கள். அந்தக் காற்று ஈரத்தை உள்ளே ஏற்றிவிடும். அது மட்டுமல்ல, அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ தீப்பிடிக்கும் நிலைக்குப் போகக்கூடியது.

அடைப்பதா, மாற்றுவதா

ரப்பர் ஹோஸ் கெட்டிருந்தால் யோசிக்க வேண்டாம், ஹோஸை மாற்றுங்கள். அலுமினிய முனைகள் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு நடுவில் புது ஹோஸ் போட்டு கிரிம்ப் செய்துவிடலாம். ஏ.சி.க்கென்று உள்ளே நைலான் அடுக்கு வைத்த பேரியர் ஹோஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸைப் போட்டு கிளிப்பால் இறுக்குவது, எம்-சீல் பூசுவது, சைக்கிள் ட்யூபைச் சுற்றுவது எல்லாம் 200 பி.எஸ்.ஐ.க்கு முன் நிற்காது. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் செய்யாதீர்கள். பெயர் கெடுவது உங்களுக்கு.

அலுமினியப் பைப்பில் ஊசி ஓட்டை, உரசல் பள்ளம் என்றால் மூன்று வழி உண்டு. ஆர்கான் வெல்டிங் கடைக்கு எடுத்துப் போகலாம். கை தேர்ந்தவர் செய்தால் அது நல்ல வேலை. கெட்ட துண்டை வெட்டியெடுத்து கம்ப்ரெஷன் யூனியன் போட்டு இணைக்கலாம். பைப்பை வண்டியிலிருந்து கழற்றவே முடியாத இடங்களுக்கு இது வரப்பிரசாதம். இல்லையென்றால் நீங்களே பிரேசிங் செய்யலாம். லிக்விட் லைனிலும் சக்‌ஷன் லைனிலும் நான் தயங்காமல் பிரேசிங்குக்குச் சம்மதிப்பேன். டிஸ்சார்ஜ் லைனில் சூடும் அதிர்வும் அதிகம். கம்ப்ரசருக்கு அருகில் வெடித்த பைப் என்றால் புதிதாகவே போடச் சொல்வேன். கம்ப்ரசர் உடைந்து கறுப்புத் தூள் லைனுக்குள் போயிருந்தால், பைப்பை மட்டும் சரிசெய்து அனுப்புவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாவற்றையும் பேசித்தான் ஆக வேண்டும்.

பிரேசிங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்து ஒதுங்குகிறவர்கள் இதில்தான் அதிகம். செம்புப் பைப் பழகிய கை அலுமினியத்தில் ஏமாறும். செம்பு சூடேறும்போது சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது, வெள்ளையாக இருந்தபடியே திடீரென்று தொங்கி விழுந்துவிடும். ஏ.சி. பைப்புக்குப் போடும் அலுமினியம் 640 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும். சிலிக்கான் கலந்த பிரேசிங் ராடு 580 டிகிரியில் உருகும். உங்கள் கையில் இருப்பது இடையிலுள்ள அறுபது சொச்சம் டிகிரிதான்.

முதலில் கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, பைப்பைக் கழற்றி வண்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். வண்டியில் இருக்கும்போதே பிரேசிங் டார்ச் பிடிப்பவரோடு வேலை செய்ய நேர்ந்தால் விலகி நில்லுங்கள். ஆர்-134ஏ நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சுப் புகை வரும். பழைய ஆர்-12 என்றால் பாஸ்ஜீனும் சேரும். கெட்ட இடத்துக்கு இருபுறமும் நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டுங்கள். பைப் லேசாக இழைந்து நுழையும் அளவுள்ள அலுமினிய ஸ்லீவ் எடுத்து, இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி பொருத்துங்கள். அதற்கு முன் ஆயில் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் பிரஷால் தேய்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு 2,000 டிகிரி தாண்டினாலும் உருகாது. அதைத் தேய்த்து விலக்கி, ஃப்ளக்ஸ் போட்டுக் கரைத்தால்தான் ராடு ஒட்டும்.

ஃப்ளக்ஸைக் குழைத்துப் பூசியதும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஆட்டுங்கள். வெள்ளை முதலில் உலரும், பிறகு தண்ணீர்போல் தெளிந்து ஓடும். அதுதான் உங்களுக்கு அடையாளம். அந்த நொடியில் சுடரைக் கொஞ்சம் விலக்கி, ராடின் முனையை இணைப்பின் மேல் வையுங்கள். ராடைச் சுடர் உருக்கக் கூடாது, பைப்பின் சூடே உருக்க வேண்டும். சரியாக இருந்தால் உலோகம் ஒரே வீச்சில் ஸ்லீவைச் சுற்றி வளையமாக ஓடி இடுக்குக்குள் இறங்கிவிடும். உருண்டையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை, அல்லது சுத்தம் போதவில்லை. ரப்பர் கிரிம்ப் பக்கத்தில் இருந்தால் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். மிகப் பக்கம் என்றால் அங்கே பிரேசிங்கே வேண்டாம். ஆறிய பிறகு வெந்நீரில் பிரஷ் போட்டு மிச்ச ஃப்ளக்ஸைக் கழுவுங்கள். சில வகை ஃப்ளக்ஸ் அங்கேயே கிடந்தால் அடுத்த ஓட்டையை அதுவே போட்டுவிடும். காயலான் கடையில் பழைய பைப்பை எடைக்கு வாங்கி வந்து ஒரு மாதம் பழகுங்கள். வாடிக்கையாளர் பைப்பில் பழகாதீர்கள்.

மூடும் முன்

லைனைத் திறந்த ஒவ்வொரு இடத்துக்கும் புது ஓ-ரிங். ஆர்-134ஏ-வுக்கு எச்.என்.பி.ஆர். ரப்பர், பச்சை நிறத்தில்தான் அதிகம் கிடைக்கும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, பாக்கெட்டைப் படியுங்கள். மாட்டும் முன் கம்ப்ரசர் ஆயிலைத் தொட்டுத் தடவுங்கள். லைன் ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்றிவிட வேண்டும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் குருணை, காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். கழற்றிய பைப்போடு எவ்வளவு ஆயில் போனதோ அவ்வளவு மட்டும், அந்தக் கம்ப்ரசர் கேட்கும் வகையிலேயே ஊற்றுங்கள்.

வேக்கம் பம்ப் போடுவதில்தான் பல கடைகள் நேரத்தைத் திருடுகின்றன. உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி இழுப்பதுதான் வேக்கத்தின் வேலை. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் இருபத்து நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் முள் கீழே போய்விட்டது என்று பம்பை அணைத்தால் ஈரம் அப்படியே இருக்கும். அது பிறகு எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் 45 நிமிடத்துக்குக் குறையாதீர்கள்.

"வேக்கம் நின்னுச்சு, அப்போ லீக் இல்லை" என்பதும் அரைகுறை. வேக்கத்தில் பைப்பின் சுவர் மேல் விழும் வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.க்குள்தான், அதுவும் வெளியிலிருந்து உள்ளே. ஓடும்போது 250 பி.எஸ்.ஐ. உள்ளிருந்து வெளியே தள்ளும். வேக்கத்தில் நின்ற கிரிம்ப் ஓட்டத்தில் கசிவது உண்டு. அதனால் நைட்ரஜன் சோதனையை முடித்துவிட்டுத்தான் வேக்கம்.

கேஸை எடை போட்டு ஏற்றுங்கள். பானட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும், கூடினால் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசருக்கும் கேடு.

ஆர்-12 காலத்து வண்டியும் போலி சிலிண்டரும்

1990-களின் தொடக்கத்து வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் வருவார்கள். அவற்றில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அந்த வகை கேஸ் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2008-இல் நின்றது. இப்போது அந்த வண்டிக்கு லைன் பார்க்கும்போதே ஆர்-134ஏ-வுக்கு மாற்றிவிடுவதுதான் ஒழுங்கு. பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலந்து ஓடாது, ஆகவே ஆயில் மாற வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் மாற வேண்டும். பழைய ஹோஸில் நைலான் அடுக்கு இருக்காது, அதையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு எந்தக் கேஸ், எந்த ஆயில், எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் எழுதி ஒட்டுங்கள். அடுத்துத் திறக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

கேஸ் சிலிண்டரை பில்லோடு, நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள். 2011-இல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றப்பட்ட கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறிவிடும். கார் ஏ.சி. முழுக்க அலுமினியம்தான். விலை மலிவு என்று எரியும் கேஸை ஏற்றச் சொல்கிறவர்களுக்கும் மறுத்துச் சொல்லுங்கள்: கூலிங் காயில் இருப்பது பயணிகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். அங்கே கசிந்தால் ஒரு பொறி போதும்.

உங்கள் உடம்பும் முக்கியம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. திரவமாகக் கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைக் கழற்றாதீர்கள். சர்வீஸ் பள்ளத்தில் நின்றுகொண்டு கேஸைத் திறந்துவிடாதீர்கள், கனமான கேஸ் கீழே தங்கி மூச்சை அடைக்கும். திறந்துவிடுவதே தப்பு என்பது வேறு: ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால் 1,430 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ரெகவரி மெஷினில் இழுத்து வைத்தால் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தலாம்.

வாடிக்கையாளரிடம் பேசுவது

"போன மாசம்தானே கேஸ் போட்டேன்? இப்ப பைப்புங்கறீங்க, நாளைக்கு கம்ப்ரசர்ம்பீங்க." இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது, அவர் பலமுறை பணம் கொடுத்துவிட்டார். வாதாடாதீர்கள். "சார், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க" என்று பானட்டுக்குக் கூப்பிட்டு, நுரை வரும் இடத்தை அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். பார்த்த பிறகு பெரும்பாலோர் பேரம் பேசுவதை விட்டுவிடுவார்கள். அடைத்தால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, எது எத்தனை காலம் வரும் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்து, முடிவை அவரிடம் விடுங்கள். பில்லில் கேஸ் எத்தனை கிராம் என்று போடுங்கள். வெட்டியெடுத்த துண்டை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். உத்தரவாதம் நீங்கள் போட்ட இணைப்புக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்; பதினைந்து வயது வண்டியின் முழு ஏ.சி.க்கும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. "ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம் சார்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. சோதனை, வேக்கம், எடை எல்லாம் சேர்த்தால் அரை நாள் வேலை.

படிப்பும் அதற்குப் பிறகும்

ஐ.டி.ஐ.யில் குளிர்பதன-குளிர்சாதனப் பிரிவும் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவும் இரண்டு வருடப் படிப்புகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குளிர்சாதனம் படித்தவருக்குக் கேஸின் குணம் தெரியும், வண்டி தெரியாது. மோட்டார் படித்தவருக்கு நேர்மாறு. எதைப் படித்தாலும் மற்றதைக் கடையில் கற்க வேண்டும். என்னைக் கேட்டால் குளிர்சாதனப் பிரிவை எடுத்து, தொழில் பழகுநராகக் கார் ஏ.சி. கடையில் சேருவதே நல்லது, வீட்டு ஏ.சி. வேலையும் கைவசம் இருக்கும், ஐப்பசி முதல் தை வரை கார் வேலை குறையும் மாதங்களில் அது சோறு போடும்.

தனியாகத் தொழில் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியவை நல்ல கேஜ் செட், வேக்கம் பம்ப், எடைத் தராசு, நைட்ரஜன் ரெகுலேட்டர், அதற்குப் பின் ரெகவரி மெஷின். கிரிம்ப்பிங் மெஷினுக்கு அவசரம் இல்லை, ஹோஸ் கடையில் கொடுத்து வாங்கலாம். கடை அலங்காரத்துக்கு முன் இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

வேலை குறையுமோ என்ற கவலை வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. அந்த லாரிகள் ஐந்தாறு வருடத்தில் பழைய வண்டியாகி வரும், அவற்றின் லைன் நீளமும் அதிர்வும் காரைவிட அதிகம். ஆர்-134ஏ உள்ளிட்ட கேஸ்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றது. 2028 முதல் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வருகிறது. கேஸ் கிடைப்பது இறுக இறுக, கசிவை அடைக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் வருவார்கள். ஐரோப்பாவில் புதுக் கார்கள் ஏற்கெனவே ஆர்-1234ஒய்எஃப் பக்கம் போய்விட்டன. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கான கருவிகள் தனி. மின்சாரக் கார் வந்தால் இன்னொன்று: அதன் கம்ப்ரசரில் உயர் மின்னழுத்தம் ஓடும், மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. ஆயில்தான் அதற்கு. வழக்கமான பி.ஏ.ஜி. ஆயில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டு வண்டியே நின்றுவிடும். உயர் மின்னழுத்தப் பயிற்சி எடுக்காமல் அந்த வண்டியின் பானட்டைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம் கேட்கும் முன் கடையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப், எடைத் தராசு மூன்றும் தூசி படியாமல் இருந்தால், ஐந்நூறு ஆயிரம் குறைவாகக் கொடுத்தாலும் அங்கேயே சேருங்கள். கேஸ் சிலிண்டர் மட்டும் இருக்கும் கடை என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.